இரண்டாவது சுவரொட்டி

நம் வயதுக்காரர்கள் காலையில் பூங்காவுக்கு வருவது நடப்பதற்காக இல்லை, ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைக் காட்டுவதற்காகத்தான். லஸ் பூங்கா பெஞ்சில் என்னோடு உட்காரும் நீங்களே இதை ஒப்புக்கொள்வீர்கள். பரீட்சை மார்க் கேட்பதுபோல 'உங்களுக்கு எவ்வளவு வந்தது' என்று கேட்டுக்கொள்கிறோம். சர்க்கரை குறைந்தவருக்குப் பாராட்டு, கொழுப்பு ஏறியவருக்கு ஆளுக்கொரு வைத்தியம். போன மாதம் உங்களில் ஒருவருக்கு, தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவருக்கு, ரத்தம் ஒன்பதுதான் இருக்கிறது என்று வந்திருந்தது. "ஆட்டுச் சுவரொட்டி வாங்கி மிளகு போட்டு வறுத்துச் சாப்பிடுங்க, பதினஞ்சு நாள்ல ஏறிடும்" என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் சொன்னீர்கள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டேன். கறி சாப்பிடாதவள், பேச்சுக் கேட்டே குமட்டிவிட்டது என்று நினைத்திருப்பீர்கள்.

காரணம் வேறு. இத்தனை வருஷமாக அதைச் சொல்ல முடியாதபடி ஒருவர் இருந்தார். மூன்று நாளைக்கு முன் ஆதம்பாக்கத்தில் அவரை வழியனுப்பிவிட்டு வந்தேன். இனிமேல் சொல்லலாம்.

அப்போது எனக்குப் பதினொரு வயது, தங்கைக்கு ஆறு. சாந்தோமில், கடல் காற்று ஜன்னல் கம்பியை அரித்துத் தின்றுகொண்டிருந்த ஒரு சந்தில் எங்கள் வீடு. அப்பா அடையாறு டிப்போவில் கண்டக்டர். அம்மா பங்குக் கோயில் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு டீச்சர். தங்கைக்கு ரத்தத்தில் கோளாறு. அதன் பெயர் தலசீமியா என்பது எனக்குக் கல்லூரிக்குப் போன பிறகுதான் வாயில் நுழைந்தது. வீட்டில் 'ரத்தம் தங்காத வியாதி' என்பார்கள். அவள் உடம்பு செய்கிற சிவப்பணு உருப்படியாக இராது, சீக்கிரம் உடைந்துவிடும். அதனால் நாலு வாரத்துக்கு ஒரு தடவை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் பிறத்தியார் ரத்தத்தை ஏற்றிக்கொண்டு வர வேண்டும். ஏற்றாவிட்டால் பிழைக்க மாட்டாள். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அம்மா வகுப்பில் ரத்தப் பாடம் நடத்தும்போது அப்பாவின் பஸ்ஸைத்தான் இரவல் வாங்குவாள். சிவப்பணு ஒரு பஸ். நுரையீரலில் பிராணவாயுவை ஏற்றிக்கொண்டு, கால் விரல் வரைக்கும் ஸ்டாப் ஸ்டாப்பாக இறக்கிவிட்டு, திரும்பும்போது கரியமில வாயுவைக் கூட்டிக்கொண்டு வரும். வெள்ளையணு போலீஸ்காரர். தட்டணு, பள்ளம் விழுந்த இடத்துக்கு ஓடிவந்து அடைக்கிற ரோட்டு வேலைக்காரர். இவர்கள் எல்லாரும் போய் வருகிற ரோடு பிளாஸ்மா. நாலு மாதம் ஓடிக் களைத்த பஸ்ஸை ஒரு டிப்போவில் உடைத்து, அந்த இரும்பை வைத்தே புதுப் பஸ் கட்டுவார்கள். "அந்த டிப்போவுக்குப் பேரு என்ன?" என்று அம்மா கேட்டதும் நாற்பது பிள்ளைகளும் "மண்ணீரல் டீச்சர்!" என்று கத்துவோம். நானும் அந்த வகுப்பில்தான் படித்தேன், முதல் ஆளாகக் கத்தியவளும் நான்தான்.

ஒரு பாட்டில் ரத்தம் எடுத்தால் பதிலுக்கு ஒருவர் கொடுக்க வேண்டும் என்பது ஆஸ்பத்திரி வழக்கம். டிப்போவில் அப்பாவின் சிநேகிதர்கள் முறை வைத்து வந்தார்கள். அதில் முதல் ஆள், அப்பாவின் பஸ்ஸையே ஓட்டிய டிரைவர் மாமா. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அவர் முறை வரும். காக்கிச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "எடு சிஸ்டர், ஃபுல் டேங்க் கீது" என்பார். கொடுத்துவிட்டு வந்து தங்கையின் கட்டில் பக்கத்தில் நின்று, தனக்குக் கொடுத்த பிஸ்கட்டை அவளுக்குத் தருவார்.

கண்ணாடிப் பாட்டிலில் வரும் ரத்தம். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்ததால் பாட்டில் வேர்த்திருக்கும். கொஞ்ச நேரம் அசையாமல் வைத்திருந்த பாட்டிலில் மூன்று அடுக்கு தெரியும். மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த தண்ணீர், கீழே கருஞ்சிவப்பாகப் படிந்த அணுக்கள், நடுவே நூல் அகலத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. நர்ஸ் அதைக் குழந்தையைத் திருப்பிப் போடுவதுபோல மெதுவாகத் தலைகீழாக்கி, நிமிர்த்தி, கலந்துவிட்டுத்தான் மாட்டுவார். வரும்போது மெழுகுவர்த்தி மாதிரி இருந்த தங்கை, பாட்டில் காலியாகக் காலியாக உதட்டில் சிவப்பேறி, என்னிடம் சண்டை பிடிக்க ஆரம்பிப்பாள். அதைப் பார்த்த யாரும் ரத்தம் என்றால் என்ன என்று புத்தகத்தைத் திறக்க வேண்டாம்.

டிரைவர் மாமா கொடுத்த பாட்டில்தான் தனக்கு ஏறுகிறது என்று அவள் நம்பினாள். வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டு, "ஓரம் போ! டிரைவர் மாமா ரத்தம் ஓடிக்கினு கீது!" என்று கூடத்தைச் சுற்றி வருவாள். மாமாவும் அதை நம்பினார். அவருடைய ரத்தம் வேறு யாருக்கோ போகும், இவளுக்கு வேறு யாருடையதோ வரும் என்று நர்ஸ் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வருஷம் தவக்காலம் வந்தது. எங்கள் வீட்டில் சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் நாற்பது நாளும் கறி மீன் கிடையாது. சுத்தபோசனம். பருப்பும் கீரையும் வாழைக்காயும் மாறி மாறி வரும். ஆனால் தங்கைக்கு அம்மா வாரத்துக்கு மூன்று நாள் சுவரொட்டி கொடுத்து வந்தாள். ரத்தம் ஊறுவதற்கு அதற்கு மிஞ்சி ஒன்றும் கிடையாது என்று ஊரே சொன்னது. டாக்டரம்மா முதலிலேயே "இரும்பு டானிக் எதுவும் குடுக்காதீங்க" என்று சொல்லியிருந்தார். டானிக் சின்ன வயிற்றுக்குச் சூடு, அதனால்தான் வேண்டாம் என்கிறார் என்று அம்மா அர்த்தம் செய்துகொண்டாள். டானிக் பாட்டிலை மூடி வைத்துவிட்டு அந்த இரும்பைச் சாப்பாட்டில் கொடுத்தாள். முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், வெல்லம், சுவரொட்டி. எல்லாம் ஓர் இரும்புச் சட்டியில். ரத்தத்தில் இருப்பது இரும்பு, இரும்பைக் கொடுத்தால் ரத்தம் வரும். பாடம் தெரிந்தவள் போட்ட கணக்கு அது.

தவக்காலத்தில் மட்டும் அவளுக்குச் சந்தேகம் வந்தது. என்னையும் கூட்டிக்கொண்டு பங்குச் சாமியாரைப் பார்க்கப் போனாள்.

"சாமி, நாங்க எல்லாம் சுத்தபோசனம்தான். சின்னவளுக்கு மட்டும் கறி குடுக்கலாமா?"

"நோயாளிக்கு ஏதும்மா ஒறுத்தல்? தாராளமா குடுங்க. வெள்ளிக்கிழமை மட்டும் பாத்துக்குங்க."

அம்மாவின் முகத்தில் இருந்த பாரம் இறங்கியதை நான் பார்த்தேன். கேட்க வேண்டிய இடத்தில் கேட்டுவிட்டோம் என்ற நிம்மதி. பார்க்கப் போனால் அந்த நாற்பது நாளும் தங்கைக்கு விலக்குக் கிடைக்காமல் இருந்திருந்தால், கறி வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்க வேண்டியதைச் சாமியாரே சொன்னதுபோல் ஆகியிருக்கும்.

கறிக்கடைக்குப் போவது என் வேலை. தவக்காலத்தில் பங்கு மக்கள் கண்ணில் கறியோடு படக் கூடாது என்று விடிந்தும் விடியாததுமாக ஒயர் கூடையில் கீரைக்கட்டை மேலே வைத்துக்கொண்டு போவேன். கச்சேரி ரோட்டுக்கு அந்தப் பக்கம் பாய் கடை. ஆட்டுக்கு ஒன்றுதான் சுவரொட்டி. பிள்ளை பெற்றவள் வீட்டுக்காரர்களும் அதற்குத்தான் காத்திருப்பார்கள். நாக்கு நீளத்தில், கத்தரிக்காய்த் தோலைவிடக் கறுப்பான ஊதாவில், பளபளவென்று இருக்கும். "சுவத்துல அடிச்சா அப்படியே ஒட்டிக்கும் பாப்பா, அதான் பேரு" என்று பாய் ஒரு நாள் நிஜமாகவே அடித்துக் காட்டினார். ஒட்டிக்கொண்டது.

அம்மா அதை மேல்தோல் உரித்து, நறுக்கி, சின்ன வெங்காயமும் மிளகும் போட்டு நல்லெண்ணெயில் வதக்கி வைத்துவிட்டு, காலைப் பூசைக்குப் போய்விடுவாள். அங்கிருந்து அப்படியே பள்ளிக்கூடம். தங்கைக்கு ஊட்டிவிட்டு வர வேண்டியது நான். அவளுக்கு அது பிடிக்கவே பிடிக்காது. "மண்ணு மாதிரி கீதுக்கா" என்று கன்னத்தில் அடக்கிக்கொண்டு முழுங்காமல் உட்கார்ந்திருப்பாள். எனக்கோ இரண்டு வாரமாகப் பருப்பும் வாழைக்காயும். நல்லெண்ணெயில் மிளகு வெடித்த வாசனை வீடு முழுக்க நின்றது. "இதோ பாரு, அக்கா எப்படித் தின்னுறேன்" என்று ஒரு துண்டை வாயில் போட்டேன். மறுநாள் இரண்டு. பிறகு பாதி.

"நீயே துன்னுக்கா. நான் அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்" என்றாள் அவள். எங்களுக்குள் அது ஓர் உடன்படிக்கை ஆகிவிட்டது.

அடுத்த வாரம் அம்மா கூடையைக் கையில் கொடுக்கும்போது, "பாய்கிட்ட ரெண்டு குடுக்கச் சொல்லு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். தங்கை வெளுத்துத் தெரிகிறாள், அதனால்தான் இரண்டு என்று நினைத்தேன். ஆனாலும் வாய் கேட்கவில்லை. இரண்டில் ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு என்று ஆயிற்று.

நாலு வாரம் தாங்க வேண்டிய ரத்தம் அந்தத் தடவை மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை. ஒரு சாயங்காலம் தங்கை தட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கூடத்தில் உட்கார்ந்துவிட்டாள். நகக்கண்ணில் சிவப்பே இல்லை. அப்பா முறைக்கு ஆள் கிடைக்காமல் டிப்போவில் கெஞ்சிக்கொண்டிருந்தார். "இவ்வளவு ஊட்டியும் எங்கடி போகுது ரத்தம்?" என்று அம்மா என்னைப் பார்த்துக் கேட்டாள். அது சும்மா கேட்ட கேள்வி. எனக்கோ அது எங்கே போகிறது என்று தெரியும். என் வயிற்றுக்குள் போகிறது. நான் தங்கையின் ரத்தத்தைத் தின்றுகொண்டிருக்கிறேன்.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் சாமியாரின் மூக்குப்பொடி வாசனை.

"தவக்காலத்துல கறி தின்னேன் சாமி."

"எத்தனை நாள்?"

"ஆறு நாள்."

"இனிமே தின்னாதே. பத்து அருள் நிறைந்த மரியே சொல்லு."

யாருடைய கறி என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பத்துக்குப் பதிலாக நூறு சொன்னேன். அன்றோடு திருந்தினேன். திருந்தியவள் என்ன செய்தேன் என்பதைத்தான் இப்போது முதல் தடவையாகச் சொல்கிறேன். இரண்டு சுவரொட்டியையும் தங்கைக்கே ஊட்டினேன். அவள் அழ அழ, மூக்கைப் பிடித்து, ஒரு துண்டு மிச்சமில்லாமல். இரண்டு வாரத்துக்கும் மேல் அப்படிச் செய்தேன்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில், குருத்து ஞாயிறுக்கு மறுநாள், ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவள் வயிற்றை அழுத்திப் பார்த்தார். இடப் பக்கம் விலாவுக்குக் கீழே கல் மாதிரி ஒன்று. முகத்தில் சாம்பல் கலந்ததுபோல் ஒரு கறுப்பு. "வீட்ல என்ன சாப்பாடு குடுக்கறீங்க?" என்று கேட்டார். அம்மா பெருமையோடுதான் சொன்னாள். கீரையில் ஆரம்பித்து இரும்புச் சட்டியில் முடித்தாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"டீச்சரம்மா, இவ ரத்தத்துல இரும்பு கம்மின்னு யார் சொன்னா? இவ உடம்புல இரும்பு வழிஞ்சு நிக்குது. அதை வெளிய அனுப்ப உடம்புக்கு வழியே கிடையாது. ஈரல்ல போய்ப் படியுது, இருதயத்துல படியுது. அதனாலதான் டானிக் வேணாம்னேன்."

அப்பாவுக்கு உடனே புரிந்துவிட்டது. "பஸ்ஸ ஒடச்சிக்கினே கீறாங்க, இரும்பு வெளியவே போவல. அப்படித்தானம்மா?" என்றார் மெதுவாக.

"அப்படித்தான். உடைக்கிற இடம் வீங்கிடுச்சு. ஏத்தின நல்ல ரத்தத்தையும் சேர்த்து உடைக்குது. அதான் மூணு வாரம் தாங்கலை. அந்த மண்ணீரலை எடுக்கணும்." பிறகு அம்மாவைப் பார்த்து, "நீங்க குடுத்தீங்களே சுவரொட்டி, ஆட்டுக்கு அதுதான் மண்ணீரல்" என்றார்.

வகுப்பறைச் சொல்லும் அடுப்படிச் சொல்லும் அதுவரை எங்கள் வீட்டில் முகம் பார்த்துக்கொண்டதே இல்லை. அம்மா "சாமியாரைக் கேட்டுட்டுத்தான் குடுத்தேன் டாக்டர்" என்றாள். ஒரு குழந்தை சொல்வதுபோலச் சொன்னாள். எனக்கு அழுகை வந்தது.

'அம்மா, பாதியை நான் தின்றுவிட்டேன், அவள் அவ்வளவு சாப்பிடவில்லை' என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம். அவள் பாரத்தில் பாதி இறங்கியிருக்கும். ஆனால் அதைச் சொன்னால் கடைசி வாரங்களையும் சொல்ல வேண்டும். பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

மண்ணீரலை எடுத்தார்கள். தங்கை தேறினாள், மறுபடியும் நாலு வாரம் தாங்கியது, பள்ளிக்கூடம் போனாள், தட்டை விட்டுவிட்டு நிஜ சைக்கிள் ஓட்டினாள். இரும்பை வெளியே எடுக்கிற ஊசி அப்போது எங்களுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. பதினேழாவது வயதில், பரீட்சை முடிந்த விடுமுறையில், இருதயம் நின்று போனாள். அவளை நினைத்தால் இன்றும் அந்தத் தட்டுதான் முதலில் வருகிறது.

அடக்கத்துக்கு மறுநாள் அம்மா இரும்புச் சட்டியை எடுத்துக்கொண்டு தனியாகக் கடற்கரைக்குப் போனாள். வெறுங்கையோடு திரும்பி வந்தாள். அதற்குப் பிறகு அவள் கறி தொடவில்லை; நானும் தொடவில்லை. எங்கள் வீட்டில் தவக்காலம் முடியவே இல்லை.

வருஷங்கள் போயின. அப்பாவும் போனார். அம்மா லஸ்ஸில் என் பிளாட்டுக்கு வந்துவிட்டாள். என் மகள் கர்ப்பமாக இருந்தபோது, குடும்பத்தில் இந்த வியாதி உண்டு என்பதால் ரத்த வியாதி டாக்டர் ஒருவரைப் பார்க்கப் போனோம். முடிந்து எழுந்திருக்கும்போது, இத்தனை காலமாக மனதில் இருந்ததைக் கேட்டேன். சாப்பாட்டால்தான் அவள் போனாளா?

"சாப்பாட்டுல வந்தது கொஞ்சம்தாம்மா. ஏத்தின ஒவ்வொரு பாட்டில் ரத்தத்துக்குள்ளயும் இரும்பு இருக்கில்ல? மாசா மாசம் அதுதான் சேர்ந்தது. அதை ஏத்தாம இருக்கவும் முடியாது" என்றார் அந்தப் பையன். ஆமாம், நமக்கு டாக்டர்கள் எல்லாம் பையன்கள்தானே.

பஸ் பிடித்துப் பறந்து வீட்டுக்கு வந்தேன். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, முதலில் என் திருட்டைச் சொன்னேன். பாதியை நான்தான் தின்றேன் என்றேன்.

அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தெரியுமே" என்றாள். "பூசைக்குப் போகும்போது கறி வாசனை, பள்ளிக்கூடத்துல நீ வாயைத் திறந்தா கறி வாசனை. வளர்ற பொண்ணு, கேக்க வாய் வராம திருடித் தின்னுது. அதான் ரெண்டு வாங்கச் சொன்னேன். ரெண்டாவது உனக்குடி."

நான் கீரைத் தண்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த இரண்டாவதையும் யாருக்கு ஊட்டினேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் கண்ணை மூடும்வரை சொல்லவில்லை.

அதற்குப் பதிலாக டாக்டர் சொன்னதைச் சொன்னேன். உன் சட்டி இல்லம்மா, ஏற்றிய ரத்தம்தான், அதில் யார் தப்பும் இல்லை என்றேன். அவள் அழுவாள், நாற்பது வருஷத்துப் பாரம் இறங்கும் என்று எதிர்பார்த்தேன். அவள் கீரையை ஒதுக்கி வைத்துவிட்டு என் கையை இறுகப் பிடித்தாள்.

"இதை வெளிய சொல்லாதே. டிரைவர் அண்ணன் காதுல விழவே கூடாது. அந்த மனுஷன் வேர்த்து விறுவிறுத்து வந்து கையை நீட்டினாரே, அவரா என் பொண்ணுக்கு எமன்? என் சட்டியிலேயே இருக்கட்டும் அது. எனக்குப் பழகிடுச்சு."

தங்கையின் நினைவு நாளன்று ஒவ்வொரு வருஷமும் டிரைவர் மாமா ஆதம்பாக்கத்திலிருந்து பஸ் ஏறிக் கோயிலுக்கு வருவார். எங்கள் ஜெபம் ஒன்றும் தெரியாது, கடைசி வரிசையில் கை கட்டிக்கொண்டு நிற்பார். பிறகு எங்கள் வீட்டில் சாப்பாடு. அம்மா கீரை ஆய்ந்த அந்த வருஷமும் வந்தார். முதுமை நன்றாகத் தட்டியிருந்தது. இலையின் முன்னால் உட்கார்ந்து, இடது முழங்கை மடிப்பைத் தடவிக்கொண்டே என்னைக் கேட்டார்.

"இன்னாமா, முப்பது தபாவுக்கு மேல குடுத்துக்கீறேன். கொழந்தைய பதினேழு வயசு வரிக்கும் இட்டாந்தது நம்ம ரத்தந்தான?"

கரண்டியும் கையுமாக நின்ற அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா மாமா, உங்க ரத்தந்தான்" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அம்மா குனிந்து அவர் இலையில் இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊற்றினாள்.